ஸ்ரீசிட்டியில் குவியும் முதலீடு: நீளும் வேலை நேரத்துக்கு ஈடு என்ன?

ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டம் ஸ்ரீசிட்டியில், எல்ஜி எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு 2025 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. முதலீடு சுமார் 5,000 கோடி ரூபாய். அடுத்த மாதமே, தொழிற்சாலைகளில் அன்றாட வேலை நேர வரம்பை 9 மணியிலிருந்து 10 மணியாக உயர்த்த மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. காலாண்டுக்கான மிகைநேரப் பணி வரம்பும் 75 மணியிலிருந்து 144 மணியாக உயர்த்தப்பட்டது. முதலீட்டாளர்களை ஈர்ப்பதே நோக்கம் என்கிறது அரசு.

சித்தூர், திருப்பதி மாவட்ட இளைஞர்களுக்கு உள்ளூரில் மின்னணு ஆலைகள், சென்னையிலும் பெங்களூருவிலும் மென்பொருள் நிறுவனங்கள் என இரு வழிகளே தெரிகின்றன. இரண்டிலும் கேட்கப்படுவது கூடுதல் உழைப்பு. வாரம் 70 மணி நேர உழைப்பை இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி 2023-இல் வலியுறுத்தினார். ஆனால், உழைப்புக்குப் பணிப் பாதுகாப்பு ஈடாகக் கிடைப்பதில்லை. 2025 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் 12,760 கோடி ரூபாய் நிகர லாபம் ஈட்டிய டிசிஎஸ், ஜூலையில் 12,000-க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது.

அண்டை மாநிலமான தமிழ்நாட்டில், 12 மணி நேர வேலைக்கு வழிவகுத்த 2023 சட்டத் திருத்தம் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. ஆந்திரத்திலும் சங்கங்கள் எதிர்க்கின்றன. முதலீட்டுத் தொகையை அறிவிக்கும் அதே மேடையில் ஊதியமும் ஓய்வும் பணி உறுதியும் அறிவிக்கப்படாதவரை, இளைஞர்களின் ஏமாற்றம் தணியாது.