ஏழாவது விசாரணையைத் தடுத்த வாக்குமூலம்: பாட்காஸ்ட் மாற்றிய கொலை வழக்கு

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம், வினோனா நகரக் கடையொன்றில் 1996-இல் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கைதான கறுப்பினத்தவர் கர்ட்டிஸ் ஃபிளவர்ஸ் மீது ஒரே அரசு வழக்கறிஞர் ஆறு முறை விசாரணை நடத்தினார். நான்கில் மரண தண்டனை.

2019-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஆனால் அவர் நிரபராதி என்று கூறவில்லை. ஜூரிகளாக வரவிருந்த, அரசுத் தரப்பால் நீக்கக்கூடிய 42 கறுப்பினத்தவரில் 41 பேரை நீக்கியதே அதன் கண்டனம். எனவே ஏழாவது விசாரணைக்கு வாய்ப்பு எஞ்சியிருந்தது.

அதற்கு முட்டுக்கட்டையானது 'இன் தி டார்க்' பாட்காஸ்ட். ஃபிளவர்ஸ் தம்மிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சாட்சி சொன்ன சிறைக்கைதி, அது பொய் என்று 2018-இல் அக்குழுவிடமே கூறிவிட்டார். நம்பத்தகுந்த முக்கியச் சாட்சி எவரும் இல்லாத நிலையில், 2020 செப்டம்பரில் மாநில அரசு வழக்கைக் கைவிட்டது. அதற்குள் ஏறத்தாழ 23 ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன.