அழுது தீர்த்துவிட்டால் போதுமா?

சேத்துப்பட்டு, ஆரணிப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் விடிய விடியக் கூத்து. பகலெல்லாம் குழித்தறியில் பட்டு நெய்தவரும், அரிசி ஆலையில் மூட்டை சுமந்தவரும், மணிலாக் கொல்லையில் முதுகொடிந்தவரும் மண் தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கர்ணன் களத்தில் சாயும்போது கூட்டமே விம்முகிறது.

ஏன் அழுகிறோம்? அழுத பிறகு என்ன ஆகிறோம்?

இதற்கு விடை தேடியவர் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322). உயர்நிலையில் உள்ள ஒருவன், கெட்டவன் அல்லாதவன், ஏதோ ஒரு பிழையால் வீழ்கிறான். அதைக் காண்போருக்கு இரக்கமும் அச்சமும் பொங்கி, அவற்றின் மூலம் 'கதார்சிஸ்' நிகழ்கிறது என்றார். அது என்னவென்று தம் 'கவிதையியல்' நூலில் அவர் விளக்கவில்லை. 1857-ல் யாக்கோப் பெர்னைஸ் என்ற ஜெர்மன் பண்டிதர், மருந்து வயிற்றைச் சுத்தம் செய்வதுபோல் நாடகம் மனத்தைச் சுத்தம் செய்கிறது என்று பொருள் சொன்னார். பண்டிதர் உலகில் அந்த விளக்கம் வேரூன்றிவிட்டது.

யாருக்கு இது வசதி? கூலி கேட்டுக் கொதிக்கும் நெஞ்சு கூத்தில் அழுது லேசாகி, காலையில் வாய் திறவாமல் வேலைக்குப் போனால் லாபம் யாருக்கு?

உழைத்துக் களைத்தவனுக்கு ஆறுதல் வேண்டாமா என்பார்கள். வேண்டும்! ஆறுதல் வேறு, மறதி வேறு.

அரிஸ்டாட்டிலை அடியோடு தள்ளச் சொல்லவில்லை. அவருடைய குரு பிளேட்டோ, துயர நாடகம் மனிதனைக் கோழையாக்கும் என்று கவிஞர்களைத் தம் லட்சிய ராஜ்யத்திலிருந்தே விரட்டினார். சீடரோ நாடகத்துக்காக வாதாடினார். கதையில் ஒவ்வொன்றும் முன் நடந்ததன் விளைவாகப் பிறக்க வேண்டும், தற்செயலாக வந்து விழக்கூடாது என்றார். பொன்னான பாடம்! ஆனால் வீழ்ச்சியின் காரணத்தைத் தனி மனிதனின் பிழையோடு நிறுத்திவிட்டார். அடிமையை உயிருள்ள உடைமை என்று எழுதியவர் சமுதாயத்தில் காரணம் தேடுவாரா?

கர்ணனைப் பாருங்கள். திரௌபதியைச் சபையில் அவமதித்தது அவன் பிழைதான். ஆனால் வில்லெடுத்து வந்தவனைக் குலம் கேட்டுத் தலைகுனிய வைத்தது யார் பிழை? தேரோட்டி வீட்டுப் பிள்ளை என்று எள்ளியது யார் பிழை? குலத்தைக் கொண்டு மனிதனை எடைபோடும் சமுதாயத்தின் பிழையல்லவா?

நம் தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அழுகைக்கு அவர் சொன்ன காரணங்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. வறுமையையும் காரணமாக எண்ணினார், கவனியுங்கள்! அதோடு நிற்கவில்லை. வெகுளியையும் எட்டில் ஒன்றாக வைத்தார். உறுப்பறுத்தல், குடியை நலித்தல், அலைத்தல், கொலை ஆகியவற்றால் கோபம் பிறக்கும் என்றார். இரக்கத்தோடும் அச்சத்தோடும் கணக்கு முடிந்துவிடவில்லை, தோழர்களே!

அழுகை வெறும் வடிகால்தான் என்றால் ஆளுவோர் நாடகத்தைக் கண்டு ஏன் நடுங்குகிறார்கள்?

கி.மு. 494-ல் மிலேட்டஸ் நகரைப் பாரசீகர் அழித்தனர். அந்தத் துயரத்தை பிரினிகஸ் நாடகமாக்கினார். ஏதென்ஸ் அரங்கமே கதறியது. பரிசா கிடைத்தது? 1,000 திராக்மா அபராதம்! தங்கள் சொந்தத் துயரத்தை நினைவூட்டினார் என்பதே குற்றம். அந்த நாடகத்துக்கும் தடை!

வங்கத்து அவுரி விவசாயிகளின் துயரத்தைத் தீனபந்து மித்ரா 1860-ல் 'நீல் தர்பண்' என்று எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் பாதிரியாருக்கு 1861-ல் 1,000 ரூபாய் அபராதம், ஒரு மாதச் சிறை! 1876-ல் நாடகங்களைத் தடைசெய்யவே வெள்ளையர் சட்டம் போட்டனர். வெள்ளையர் போனார்கள், சட்டம் போனதா? 1954-ல் சென்னை ராஜ்யத்தில் புதிய நாடகச் சட்டம் வந்தது! அதன் முக்கியப் பிரிவுகள் செல்லா என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013-ல்தான்.

1989 ஜனவரி 1-ல் சாகிபாபாத்தில் தொழிலாளர்களுக்காக வீதி நாடகம் நடத்திய தோழர் சப்தர் ஹாஷ்மியைக் குண்டர்கள் தாக்கினர். மறுநாள் அவர் உயிர் நீத்தார். ஜனவரி 4-ல் அவர் மனைவி மொலோயஸ்ரீ அதே இடத்தில் அந்த நாடகத்தை நடத்தி முடித்தார். துயரம் அங்கே கரைந்துபோகவில்லை, உறுதியாக இறுகியது!

நம் பாரதத் திருவிழாவின் படுகளமும் அதைத்தான் காட்டுகிறது. மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனனின் தொடையைப் பீமன் அடிக்கிறான். சபையில் அவமானப்பட்டவள் சபதம் நிறைவேறிய பிறகே விரித்த கூந்தலை முடிகிறாள். அவமானம் மறக்கப்படவில்லை, கணக்குத் தீர்க்கப்படுகிறது!

நமக்கு வேண்டியது கதையும் கதாயுதமும் அல்ல, சங்கமும் ஒற்றுமையும்! உழைப்புக்கு ஏற்ற கூலியும் மானமுள்ள வாழ்வும்!

கூத்துப் பாருங்கள். மனம்விட்டு அழுங்கள். ஆனால் கண்ணைத் துடைக்கும் முன் கேளுங்கள்: இந்தத் துயரத்தைச் செய்தவன் யார்? இதனால் கொழுப்பவன் யார்? அந்தக் கேள்வியோடு எழுந்திருங்கள்!