அரை டம்ளர்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொழுந்தனார் வந்தால் ஒரு கறுப்புப் பையும் கூடவே வரும். மாடிக்குப் போகிற வழியில் அடுப்படியை எட்டிப் பார்த்து, "அண்ணி, தொட்டுக்க ஏதாவது இருக்கா?" என்பார். நெத்திலி வறுப்பேன், வெங்காயம் அரிந்து கொடுப்பேன். இருபது வருடமாக இதுதான் நடக்கிறது. "பீர்தானே அண்ணி, வெயிலுக்கு" என்று ஒரு விளக்கமும் உண்டு. மார்கழியிலும் அதையேதான் சொல்வார்.

போன சித்திரையில் வறுவல் தட்டோடு மாடியேறி, "எனக்கும் அரை டம்ளர் ஊத்துங்க தம்பி" என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் என் கணவரைப் பார்த்தார். கணவர் மகாலிங்க சுவாமி கோயில் கோபுரத்தைப் பார்த்தார். "தமிழ்ல பி.எச்டி. முடிச்சவங்க நீங்க, இப்படிக் கேக்கலாமா?"

முடித்ததால்தான் கேட்டேன்.

இங்கிருந்து காவிரியோடு கிழக்கே போனால் பூம்புகார். அந்த ஊரின் இரவைச் சொல்லும் பட்டினப்பாலையில் பெண்கள் மட்டு என்னும் கள்ளைத் தள்ளி வைத்துவிட்டு மதுவைக் குடித்து மகிழ்கிறார்கள். ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், கவனியுங்கள். அதே புலவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் செய்முறையே இருக்கிறது: அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற பாத்திரத்தில் ஆறவைத்து, முளையை இடித்துக் கலந்து, சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பது. தானியத்தையும் முளையையும் புளிக்க வைப்பதற்கு இன்றைக்கு என்ன பெயர்? கொழுந்தனார் பையில் இருந்தது பார்லி, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஔவையை எடுத்துக்கொள்ளுங்கள். அதியமான் இறந்தபின் அவள் பாடியது புறநானூற்றில் 235-ஆம் பாட்டு. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் தனக்கே தந்துவிடுவான் என்பதுதான் அவளுக்கு முதலில் நினைவு வருகிறது. நிறையக் கிடைத்தால் அவள் பாடுவாள், அவனும் மகிழ்ந்து குடிப்பான். நட்பு என்றால் இதுதானே? ஆனால் நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது நெல்லிக்கனிக் கதையை மட்டும். 1953-இல் வந்த 'ஔவையார்' படத்துக்குப் பிறகு திருநீறும் கோலுமாக ஒரே பாட்டிதான் நம் கண்ணில் நிற்கிறாள். வகுப்பில் 235 நடத்தியபோது மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் சக ஆசிரியர் ஒருவர், "அந்தப் பாட்டை மேலோட்டமா சொல்லிட்டுப் போயிடலாமே மேடம்" என்றார்.

நான் குடிக்குக் கொடி பிடிக்கவில்லை. நடவுக்குப் போகிற பெண்ணின் கூலி எந்தக் கடைக்குப் போகிறது என்று தெரியாத ஊரா இது? 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மதுக்கடை வேண்டாம் என்று தெருவில் நின்ற பெண்ணைக் காவல்துறை அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. கடைக்கு வெளியே நின்றாலும் அடி நமக்குத்தான்.

நான் கேட்பது வேறு. ஆணின் சின்ன சந்தோஷத்துக்கு 1983-இல் ஒரு கழகம் அமைத்து, 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. அவனுக்கு நேரம் உண்டு, இடம் உண்டு, தொட்டுக்கொள்ள நெத்திலியும் உண்டு. காரணம் வேண்டியதில்லை, மழை பெய்தாலும் சரி, வெயில் அடித்தாலும் சரி. என் அம்மா வெற்றிலை போட்டதற்குச் செரிமானம் என்று காரணம் சொன்னாள். நாலு மணிக் காபிக்குத் தலைவலி. வரப்பில் உட்கார்ந்து புகையிலை போடும் பெண்களுக்குப் பல்வலி. இத்தனை வலி இந்த டெல்டாவில் எங்கிருந்து வந்தது? பிடித்திருக்கிறது, அதனால் போடுகிறேன் என்று ஒருத்தியும் சொல்லி நான் கேட்டதில்லை.

தமிழ்நாட்டில் சட்டம் 21 வயதைத்தான் பார்க்கிறது, ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. இலங்கையில் அதுவும் இருக்கவில்லை. பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1979-இல் விதி போட்டார்கள். 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி சிறிசேன திரும்பக் கொண்டுவந்தார். குடிக்கிற ஆண்களைப் பற்றி அந்த வாரம் யாருக்கும் கவலை வரவில்லை. எங்கள் மாடியிலும் அதே கதைதான், வர்த்தமானி அறிவிப்பு மட்டும் கிடையாது.

அன்றைக்கு அரை டம்ளர் கிடைத்தது. கசப்பு, எனக்குப் பிடிக்கவில்லை. மீதியைத் துளசிக்குப் பக்கத்தில் கொட்டினேன் என்று மாமியாருக்கு இன்னும் வருத்தம். இப்போதெல்லாம் ஞாயிறு சாயங்காலம் பன்னீர் சோடா வாங்கிக்கொண்டு நானும் மாடிக்குப் போய்விடுகிறேன். நெத்திலியை யார் வறுப்பது என்று கீழே பேச்சு நடக்கிறது.

இந்தப் பருவத்தின் உள்மதிப்பீட்டுத் தேர்வில் 235-ஆம் பாட்டைக் கேட்டிருக்கிறேன். ஐந்து மதிப்பெண்.