ஏழ்மைக்கு எதற்கு மறியல்?



வெசாக், சுதந்திர தினம், நத்தார் வரும்போதெல்லாம் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் கைதிகள் விடுதலையான செய்தியைப் படிக்கிறோம். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர்களும் அவர்களில் இருப்பார்கள். இவர்களை வெளியே விட்டால் ஊருக்கு ஆபத்தில்லை என்று அரசே ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால் உள்ளே அனுப்பியது எதற்காக?

நம் நாட்டுச் சிறைகளில் தண்டனை பெற்றவர்களைவிட, வழக்கு முடியாமல் விளக்கமறியலில் இருப்பவர்களே அதிகம். தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் தண்டப்பணம் கட்டாததால் போகிறவர்கள். இடம் போதாமல் முறை வைத்துத் தூங்கும் நிலையை மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் ஆவணப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி, கொரோனாப் பயம் சூழ்ந்திருந்த மஹர சிறையில் வெடித்த கலவரத்தில் 11 கைதிகள் உயிரிழந்தார்கள். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகளைப் பறிகொடுத்த சமூகம் நாம். சிறைக்குள் இருப்பவரின் உயிருக்கு அரசே பொறுப்பு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

களுவாஞ்சிக்குடி நீதிமன்றத்துக்குத் தவணை நாளில் போய்ப் பாருங்கள். படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வந்த தாய்மார் வாசலில் காத்திருப்பார்கள். நீதவான் பிணை கொடுத்தாலும், கையெழுத்து வைக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் மகன் மட்டக்களப்புச் சிறைக்குப் போவான். தாய் அடுத்த நாள் சாரனும் சவர்க்காரமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். உழைக்கிற ஒருவன் உள்ளே போனால் அந்த வீட்டில் அன்றே உலை வைக்க வழியில்லை.

சட்டத்தில் வழி இல்லாமலில்லை. பிணை கொடுப்பதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம். தண்டப்பணத்தைத் தவணை முறையில் கட்ட நீதிமன்றம் அனுமதிக்கலாம். சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலைக்கு அனுப்ப 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. இருக்கிற இந்த வழிகளைத் தாராளமாகப் பயன்படுத்தினாலே சிறைகளின் நெரிசல் பெருமளவு குறையும்.

களவு கொடுத்தவரின், அடிபட்டவரின் வேதனையை நான் குறைத்துப் பேசவில்லை. பிறருக்குக் கொடுமை செய்தவரை அடைத்து வைக்கத்தான் வேண்டும். ஆனால் அவரையும், ஒரு போத்தல் கசிப்போடு பிடிபட்ட கூலித் தொழிலாளியையும் ஒரே அறையில் தள்ளுவதால் யாருக்கு நீதி கிடைக்கிறது?

வைகாசிச் சடங்கில் செட்டிபாளையத்திலும் எருவிலிலும் கண்ணகி அம்மன் முன் கைகூப்பி நிற்கிறோம். தீர விசாரிக்காமல் கணவனைக் கொன்ற அரசனிடம் நியாயம் கேட்டவளைத்தான் தெய்வமாக வைத்திருக்கிறோம். அந்த நியாய உணர்வு கோயில் வாசலோடு நின்றுவிடக்கூடாது.

உங்கள் ஊரில் பிணைக்கு ஆளில்லாத குடும்பம் இருந்தால் ஒரு கையெழுத்துக்கு முன்வாருங்கள். சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்களைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே தகுதியானவர்களுக்கு இலவச உதவி கிடைக்கும். மறியலிலிருந்து திரும்பியவருக்கு வயலிலோ கடையிலோ ஒரு வேலை கொடுங்கள். தண்டப்பணத்துக்காக எவரையும் சிறைக்கு அனுப்பாதபடி சட்டத்தை மாற்றுங்கள் என்று நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் சேர்ந்து கேட்போம்.

அன்புடன்,
ஆசிரியர்