நகத்தளவு கண்ணி

பழைய துண்டு ஒன்றை மேசையில் விரித்து, அதன்மேல் பிஸ்டலை வைத்தார் மகளின் பக்கத்து வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டியவர். யூட்டாவில் மகள் வீட்டில் இருந்த நாட்களில், ஆக்டன் ரயில் நிலையக் கட்டடத்திலுள்ள பிரௌனிங் துப்பாக்கி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டுவிட்டுத்தான், "வாருங்கள், கழற்றியே காட்டுகிறேன்" என்று கூப்பிட்டிருந்தார்.

எம்1911 ஏ1. ஸ்லைடின் பக்கவாட்டில் ரெமிங்டன் ராண்ட் என்று பொறித்திருந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் படித்த யாருக்கும் ரெமிங்டன் என்ற பெயர் மறக்காது. இரண்டாம் உலகப் போரில் அந்த டைப்ரைட்டர் கம்பெனி எட்டு லட்சத்துக்கும் மேல் இந்தப் பிஸ்டலைச் செய்து கொடுத்தது. ரயில்வே சிக்னல் செய்த கம்பெனியும் செய்தது. நம் பாட்டிமார் மிதித்துத் தைத்த சிங்கரும் ஐந்நூறு செய்தது. துப்பாக்கியே செய்தறியாத பட்டறைகள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்யும் அளவுக்கு அந்த அமைப்பு தெளிவாக இருந்திருக்கிறது.

மேகசினை உருவினார். குழலுக்குள் தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்தார். முனையிலிருந்த சிறு மூடியை அழுத்திப் பிடித்து வளையத்தைத் திருப்பினார். ஸ்பிரிங் எகிறிவிடாமல் கட்டைவிரலால் தாங்கிக்கொண்டார். பக்கத்திலிருந்த ஒரு பின்னைத் தள்ளினார். மேல்பாகம் முழுவதும் முன்னால் வழுக்கிக் கழன்று வந்தது. ஸ்க்ரூ டிரைவரும் வேண்டியிருக்கவில்லை, சுத்தியலும் வேண்டியிருக்கவில்லை. என் அப்பா கோவையில் லேத் பட்டறை வைத்திருந்தவர். இதைப் பார்த்திருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

குழலின் அடியில் ஒரு சின்னக் கண்ணி தொங்கிக்கொண்டிருந்தது. நகத்தளவு எஃகு, அதில் இரண்டு துளைகள். அவ்வளவுதான். சுடும்போது குழலின் மேலுள்ள வரப்புகள் ஸ்லைடின் பள்ளங்களில் பூட்டியிருக்கும். இரண்டும் சேர்ந்தே கொஞ்ச தூரம் பின்னால் வரும். அதற்குள் தோட்டா குழலை விட்டுப் போயிருக்கும். அப்போது இந்தக் கண்ணி ஊஞ்சல்போல் ஆடி, குழலின் பின்பக்கத்தைக் கீழே இழுக்கும். பூட்டு விடுபடும். ஸ்லைடு மட்டும் தொடர்ந்து போய், வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி, திரும்பும்போது அடுத்த தோட்டாவை ஏந்தி வரும். அந்தக் கண்ணியை விரலால் மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தேன். கீழே வைக்க மனம் வரவில்லை.

இதை யோசித்த ஜான் மோசஸ் பிரௌனிங், 1855-இல் அதே ஆக்டனில் பிறந்தவர்; துப்பாக்கிக் கொல்லரின் மகன். 1911 மார்ச்சில் ராணுவச் சோதனையில் அவருடைய பிஸ்டல் இரண்டு நாளில் ஆறாயிரம் முறை சுட்டது. சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு மேலும் சுட்டார்கள். ஒருமுறைகூடச் சிக்கவில்லை. அந்த மாதமே அமெரிக்க ராணுவம் அதை ஏற்றது. 1985-இல் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும்வரை அதுதான் அவர்களின் பிஸ்டல்.

இது எதற்காகப் பிறந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தெற்கு பிலிப்பைன்ஸில் தங்கள் மண்ணுக்காக வாளேந்தி வந்த மோரோ வீரர்களை .38 குண்டுகள் நிறுத்தவில்லை என்று ராணுவம் குறைப்பட்டது. 1904-இல் சிகாகோவின் இறைச்சிக்கூடங்களில் மாடுகளையும், வேறிடத்தில் மனிதப் பிணங்களையும் சுட்டுப் பார்த்து, .45 வேண்டும் என்று முடிவுசெய்தார்கள். அந்தக் கண்ணியை வியந்த அதே மேசையில் இதுவும் எனக்கு நினைவிருந்தது. இரண்டில் ஒன்றை மறந்துவிட்டு மற்றதை எழுத என்னால் ஆகாது.

இன்றைய கணக்கில் இது கனமானது; ஒரு கிலோவுக்கு மேல். மேகசினில் ஏழே தோட்டா. இதைவிட லேசாக, இரண்டு மடங்கு தோட்டாவோடு எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குழலைச் சாய்த்துப் பூட்டு விடுவிப்பது பிரௌனிங்கின் வழியில்தான். அவரே தொடங்கி, 1926-இல் பெல்ஜியத்தில் வேலையிடத்திலேயே இறந்துபோனதால் தியூதொன்னே சைவ் என்பவர் முடித்த ஹை-பவர் பிஸ்டலில் கண்ணி போய்ச் சாய்வான வெட்டு வந்தது. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் நம் படைகளுக்காகச் செய்ததும் அந்த ஹை-பவர்தான். கண்ணி போனாலும் அந்த யோசனை போகவில்லை. சுடும் விசை மட்டும் அப்படிப் பரவவில்லை. எம்1911-இல் அது அச்சைச் சுற்றிச் சாயாமல் நேராகப் பின்னால் நகரும். அதற்காகவே குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் இன்னும் இதைவிட்டு அகலவில்லை.

திரும்பப் பூட்டும்போது அவர் நிதானமானார். கடைசிப் பின்னைச் சாய்வாகத் தள்ளினால் பிடியின் மேலே பிறைபோல் ஒரு கீறல் விழும். இந்தப் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தழும்பு அது. அவருடையதிலும் இருந்தது. போருக்குப் போய்வந்த அப்பா போட்டதாம். தேய்த்து எடுத்துவிடலாமே என்றேன். தலையசைத்து மறுத்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்தார்.