எந்தத் தெருவிலிருந்து?

மூவர் கூடைப்பந்தைக் கடைவிரிக்க சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு வைத்திருக்கிற வாசகம் 'தெருவிலிருந்து ஒலிம்பிக்குக்கு' என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நியூயார்க் ஹார்லெமில் கறுப்பின இளைஞர்கள் வேலிக்கம்பிக்குள் ஆடி வளர்த்த ஆட்டம் அது. அங்கே தெரு என்றால் எல்லாரும் நடக்கிற, நிற்கிற, சண்டை போடுகிற இடம் என்று அவர்களாவது நினைத்துக்கொள்ளலாம். இந்த வாசகத்தைத் தமிழில் சொன்ன மாத்திரத்தில் ஒரு கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது: எந்தத் தெரு?

சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமம் எதிலாவது பஸ்ஸைவிட்டு இறங்கி வழி கேட்டுப் பாருங்கள். 'தெருவுக்குப் போகணுமா, காலனிக்குப் போகணுமா' என்றுதான் பதில் கேள்வி வரும். ஊரில் இருப்பது தெரு. நாம் இருப்பது காலனி. இந்த மண்ணில் தெரு என்கிற சொல்லே சாதிச் சொல்தான். தெருவில் ஆடிய பிள்ளை உலக மேடைக்குப் போகலாம் என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது, தெருவில் நிற்கவே விடாத பிள்ளை எங்கிருந்து புறப்படுவது என்று நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

'நம்ம இதழ்ல பந்து விளையாட்டுக்கு என்ன பக்கம் தோழர், எழுத வேற பிரச்சினையா இல்ல' என்று சிலர் சொல்வார்கள். பல்வங்கர் பாலுவை ஞாபகப்படுத்துகிறேன். புனாவில் வெள்ளைக்காரர்களுக்குப் பந்து வீசிப் பழகிய சாமார் சாதிப் பையன். 1911இல் இங்கிலாந்து போன முதல் அகில இந்திய அணியில் நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்தவர். மைதானத்துக்குள் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளை. தம்பி விட்டல் 1923இல் இந்துக்கள் அணிக்குத் தலைவர் ஆவதற்குள் அந்தக் குடும்பம் பட்டது கொஞ்சமல்ல. 1937 தேர்தலில் பாலுவை எதிர்த்து நின்று ஜெயித்தவர் அம்பேத்கர் என்பது வரலாற்றின் வேறொரு முடிச்சு. அதை இங்கே அவிழ்க்கப் போவதில்லை. விளையாட்டு அரசியலுக்கு வெளியே இருந்ததில்லை என்று காட்ட இது போதும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். மூவர் கூடைப்பந்துக்கு அரை ஆடுகளம் போதும், ஒரே வளையம். பக்கத்துக்கு மூன்று பேர், மாற்று ஆள் ஒருவர். பத்து நிமிஷம், அல்லது யார் முதலில் 21 புள்ளி எடுக்கிறார்களோ அவர்கள். பந்து கைக்கு வந்தால் 12 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். வளைவுக்கு உள்ளிருந்து போட்டால் 1, வெளியிலிருந்து போட்டால் 2. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பந்து. 2010 சிங்கப்பூர் இளையோர் ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெரியவர்களுக்கும் வந்தது. லாட்வியா ஆண்களும் அமெரிக்கப் பெண்களும் தங்கம் வாங்கினார்கள்.

விதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆடும்போது பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது. எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற வாத்தியார் கிடையாது. யாரை இறக்குவது, யாரை வெளியே எடுப்பது, எப்போது இடைவேளை கேட்பது, எல்லாம் ஆடுகிற நான்கு பேரே முடிவு செய்ய வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. பள்ளிக்கூட அணியில் யார் இருப்பது என்று பேர் படிக்கிற இடத்தில்தான் முதல் வடிகட்டல் நடக்கிறது. 'நீ நல்லாத்தான் ஆடுற, அடுத்த வருஷம் பாக்கலாம்' என்கிற அந்த அடுத்த வருஷம் வராமலே படிப்பை முடித்தவர்கள் இதைப் படிக்கிறவர்களிலேயே இருப்பீர்கள்.

இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கென்று ஒரு தொழில்முறை லீக் 2018இல் வந்தது. பெயர் 3பிஎல். ஃபிபாவின் அங்கீகாரம் பெற்றது. பெரிய நகரங்களின் பெயரில் அணிகள். ஒரு சுற்று ஒரு நகரம், அடுத்த சுற்று அடுத்த நகரம் என்று அந்தப் பருவம் ஓடியது. வெளிநாடுகளில் வளர்ந்த இந்திய வம்சாவளி ஆட்டக்காரர்கள் பலர் வந்து ஆடினார்கள். முதல் பருவத்தில் ஆண்கள் மட்டும். பெண்களுக்கு அடுத்த வருஷம்தான் கதவு திறந்தது. அதே 2018 செப்டம்பரில் ஃபிபாவின் உலகச் சுற்றுப் போட்டி ஹைதராபாத்துக்கு வந்தது. 2020 மார்ச்சில் பெங்களூரில் நடக்க இருந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்று கொரோனாவில் கலைந்து 2021 மே மாதம் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்துக்குப் போய்விட்டது.

அந்தப் பருவத்தில் எனக்கு உவப்பான ஒன்று, மிசோரத்தின் ஐசாலுக்கும் ஒரு அணி இருந்தது. டெல்லி, மும்பையோடு ஒரு சின்ன மலை நகரம். மலைச்சரிவில் சமதரை கிடைப்பதே அபூர்வம், இருந்தும் கூடைப்பந்து அங்கே ஊறிப்போயிருக்கிறது. அரை ஆடுகளத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும். சேலம் பெயரில் அணி கிடையாது. லாரியும் முட்டையும் கொசுவலையும் கொலுசும் இந்தியா முழுக்க இங்கிருந்துதான் போகின்றன. அணி கட்டுகிற அளவுக்கு முதலாளிகள் இல்லாமலில்லை.

பெங்களூர் அணியின் பெயர் 'மச்சாஸ்'. பனியனில் அச்சடித்து விற்கிற அளவுக்கு 'மச்சா' நாகரிகச் சொல்லாகிவிட்டது. நம் பக்கத்தில் காலனிப் பையன் ஊர்ப் பையனை 'டேய் மச்சான்' என்று கூப்பிட்டுப் பார்க்கட்டும். மச்சான் என்றால் உன் தங்கச்சியை நான் கட்டலாம், என் தங்கச்சியை நீ கட்டலாம் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்கு மண்டை உடையும். 2015 ஜூனில் திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் உடன்படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்த ஓமலூர் கோகுல்ராஜ் மச்சான் என்று யாரையும் கூப்பிடக்கூட இல்லை. மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுக்க 2022 வரை ஆனது. மூன்று பேர் சேர்ந்து ஒரு அணி என்றால் அந்த மூன்று பேர் யார் யார் சேரலாம் என்பதுதான் இங்கே முதல் விதி. அது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை.

கபடியை எடுத்துக்கொள்ளுங்கள். 'நம்ம மண்ணின் ஆட்டம்' என்று எல்லாரும் உருகுவார்கள். தொட்டால்தான் புள்ளி என்கிற ஆட்டம், தீண்டாமை உள்ள ஊரில்! கோயில் திருவிழா கபடியில் பல ஊர்களில் பனியன் நிறத்தைப் பார்த்தே சாதியைச் சொல்லிவிடலாம். கூடைப்பந்துக்கு அந்த மண்வாசனை இல்லை. ஒய்.எம்.சி.ஏ. கொண்டுவந்த ஆட்டம் அது. 1920இல் சென்னையில் ஹாரி பக் உடற்கல்விக் கல்லூரி தொடங்கிய காலத்திலிருந்து மிஷன் பள்ளிக்கூடங்கள் வழியாகப் பரவியது. ஊர்க்கவுண்டர் கொடி அசைத்துத் தொடங்கிவைக்கிற பாரம்பரியம் அதற்கு இல்லை என்பதே நமக்கு ஒரு வசதி. ஆனால் சிமெண்ட் தளம் யாரிடம் இருக்கிறது? நாமக்கல், ராசிபுரம் சாலையில் வரிசையாக நிற்கிற மார்க் தயாரிக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளின் காம்பவுண்டுக்குள் இருக்கிறது. அங்கேயும் பிளஸ் டூ வந்தால் வளையத்தில் வலை காற்றில் ஆடுவதோடு சரி.

இனி என் தொழிலைப் பற்றி. நான் வங்கியில் குமாஸ்தா. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இரண்டுக்கும் பேர்போன கூடைப்பந்து அணிகள் உண்டு என்பது ஆட்டம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கி 2021இல் பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்தவர். தமிழ்நாட்டில் இத்தனை வருஷம் கூடைப்பந்தைக் காப்பாற்றியது விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த அரசு வேலையும் வங்கி வேலையும்தான், எந்த லீக்கும் இல்லை. காலையில் பயிற்சி, பிறகு கவுண்ட்டர், மறுபடி சாயங்காலம் பயிற்சி. முட்டி தேய்ந்தபிறகும் கவுண்ட்டர் இருக்கும், அறுபது வயசு வரைக்கும் சம்பளம் வரும். கூலிவேலை செய்கிற அம்மா பிள்ளையைப் பந்தோடு வெளியே விடுகிறாள் என்றால் அந்தக் கவுண்ட்டரை நம்பித்தான் விடுகிறாள்.

தனியார் லீக் கொடுப்பது ஒரு பருவம். யூ.பி.ஏ. என்று ஒரு லீக் 2015இல் வந்தது, 2017க்குப் பிறகு ஆளைக் காணோம். ஐ.என்.பி.எல். 2022இல் வந்தது, 2023 ஜனவரியில் முடிந்த அதன் முதல் ஐவர் பருவத்தில் சென்னை அணி கோப்பை வாங்கியபோது நானும் சந்தோஷப்பட்டேன், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கோப்பைக்கு அடுத்த மாசம் ஆட்டக்காரன் வீட்டில் அரிசி எப்படி வந்தது என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. பொதுத்துறை சுருங்கச் சுருங்க, அந்த இடத்தை லீக் நிரப்பும் என்கிறார்கள். லீக்கில் இடஒதுக்கீடு உண்டா? ரோஸ்டர் உண்டா? அணி முதலாளியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட முடியுமா? தமிழக அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த 3 சதவீதத்துக்குள் நுழையப் போட்டிச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு அணி வேண்டும், அணிக்குத் தளம் வேண்டும். கடைசியில் காம்பவுண்டுச் சுவருக்கே வந்து முட்டிக்கொள்கிறோம்.

லீக் என்றாலே சுரண்டல் என்று தள்ளிவிடவும் நான் தயாரில்லை. அமெரிக்காவில் 2025 ஜனவரியிலிருந்து மார்ச் வரை 'அன்ரைவல்ட்' என்று பெண்களின் மூவர் லீக் ஒன்று முதல் பருவம் ஆடியது. நஃபீசா காலியர், பிரியானா ஸ்டூவர்ட் என்ற இரண்டு ஆட்டக்காரிகள் தொடங்கியது. ஆறு அணி, 36 பேர். ஆடுகிற பெண்களுக்கு நிறுவனத்திலேயே பங்கு கொடுத்தார்கள். குளிர்காலத்தில் பிழைப்புக்காக ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போய் ஆடிக்கொண்டிருந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு பருவத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். லட்சாதிபதிகளின் கதை இது, நமக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் உழைக்கிறவர் கையில் பங்கு என்பது நமக்குப் புரிகிற மொழி.

டோக்கியோவுக்குத் திரும்புகிறேன். மூவர் கூடைப்பந்து தெருவிலிருந்து ஒலிம்பிக்குக்கு வந்துசேர்ந்த அதே ஒலிம்பிக்கில்தான் வந்தனா கட்டாரியா ஹாக்கி ஆடினார். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். 2021 ஆகஸ்ட் 4ஆம் தேதி அரையிறுதியில் அணி தோற்றதும், ஹரித்வார் பக்கம் ரோஷ்ணாபாத்தில் அவர் வீட்டு வாசலில் ஆதிக்க சாதிக்காரர்கள் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்று திட்டினார்கள். ஒரு பெண் தெருவிலிருந்து ஒலிம்பிக்குக்குப் போனாள். ஒலிம்பிக் முடிவதற்குள் அவள் தெருவில் நடந்தது இது. விளம்பர வாசகம் எழுதுகிறவர்கள் இந்தத் திரும்பிவரும் பாதையை யோசிப்பதில்லை.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் பழக்கூடையை மாட்டிவிட்டு இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். அதே 1891இல்தான் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர்களுக்கு நிலம் கொடுக்க வேண்டும் என்று அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்கிறோம். மூவர் ஆடுகளத்தின் அளவு 15 மீட்டருக்கு 11 மீட்டர். நம் கணக்கில் நாலு சென்ட் சொச்சம். வங்கிக்காரன் புத்தி, வகுத்துப் பார்த்தேன். 12 லட்சம் ஏக்கரில் ஏறக்குறைய மூன்று கோடி ஆடுகளம் போடலாம். பறிபோனதை ஏக்கரில் சொன்னால் உறைக்காதவர்களுக்கு இப்படியாவது உறைக்கட்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 2024இல் 'கலைஞர் விளையாட்டு உபகரணங்கள்' என்று ஊராட்சிகளுக்குப் பந்து, மட்டையெல்லாம் வந்தன. உங்கள் ஊராட்சியில் அந்த மூட்டை எங்கே இருக்கிறது, சாவி யார் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்று விசாரியுங்கள். காலனிப் பிள்ளைகள் கடைசியாக அதைத் தொட்டது எப்போது என்று தேதியோடு எழுதிவையுங்கள். அதோடு காலனிக்குப் பக்கத்தில் இருக்கிற புறம்போக்கில் நாலு சென்டுக்கு சர்வே எண் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு கம்பம், ஒரு பலகை, பத்தடி உயரத்தில் ஒரு வளையம். ஊர்ப் பிள்ளைகளும் வந்து ஆடட்டும், யாரும் தடுக்கப் போவதில்லை. தளம் காலனியில் இருக்க வேண்டும், பெண் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தனி நேரம் வேண்டும், இரண்டும் தீர்மானத்திலேயே எழுதப்பட வேண்டும். சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாட்களில் கிராம சபை கூடும். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.