மெகாபிக்சல் என்னும் பொய்க்கணக்கு

கேமரா வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "இது எத்தனை மெகாபிக்சல்?" பதிலாக வரும் எண் பெரிதாக இருந்தால் முகம் மலர்கிறது, பர்ஸ் திறக்கிறது. கேமரா போய் கைபேசி வந்த பிறகும் அந்தக் கேள்வி மாறவில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்த எண்ணை நம்பி ஒரு முதியவருக்குக் கொடுத்த வாக்கை நான் தவறவிட்டிருக்கிறேன்.

2009ஆம் ஆண்டு, வைகாசி மாதம். செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் திருவிழா. இரவு கர்ண மோட்சம் கூத்து. என் கையில் அப்போதுதான் வாங்கிய 14 மெகாபிக்சல் சிறிய கேமரா. பந்தலின் மூங்கில் காலில் கட்டிய இரண்டு ட்யூப்லைட்தான் மொத்த வெளிச்சம். ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றி விடிய விடிய எடுத்தேன். வேடம் கலைக்கும் நேரத்தில் கூத்து வாத்தியாருக்குத் திரையில் காட்டினேன். "தம்பி, இதை ஒண்ணு பெருசா போட்டுக் குடுப்பா, வீட்ல மாட்டணும்" என்றார். சரிங்கய்யா என்றேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தேன். கிரீடத்தில் ஒட்டியிருந்த கண்ணாடிச் சில்லுகள் ஒன்றோடொன்று கரைந்து வெள்ளைத் திட்டாகக் கிடந்தன. புஜக்கட்டையின் நுண்ணிய வேலைப்பாடு மெழுகு உருகியதுபோல வழிந்திருந்தது. அரிதாரத்துக்கு மேல் வியர்வை ஓடிய கோடு நேரில் என் கண்ணில் பட்டது. படத்தில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. இருட்டில் எழும் புள்ளி நாய்ஸைத் துடைக்கிறேன் என்று கேமராவே முகத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. 14 மெகாபிக்சல் இருந்தும் சுவரில் மாட்டத் தகுந்த ஒரு படம் தேறவில்லை. வாத்தியாருக்கு நான் படம் கொடுக்கவே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? அந்தக் காலத்து உயர்ரகச் சிறிய கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார் ஏறக்குறைய 7.4 மில்லிமீட்டர் நீளம், 5.6 மில்லிமீட்டர் அகலம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. 36க்கு 24 மில்லிமீட்டர் உள்ள முழுச்சட்டக சென்சாரின் பரப்பில் அது இருபதில் ஒரு பங்குதான். லென்ஸ் வழியாக வரும் ஒளி முழுவதும் விழ வேண்டிய நிலம் அவ்வளவே. சென்சாரை நெல் வயலாகவும் பிக்சலை நாற்றாகவும் நினைத்துப் பாருங்கள். ஒரே பாத்தியில் நாற்றை நெருக்கி நெருக்கி நட்டால் எண்ணிக்கை கூடும். வெயிலும் தண்ணீரும் கூடுமா? பயிர் மெலியும், கதிர் சிறுக்கும். நாற்றை எண்ணி விளைச்சலைச் சொல்லும் விவசாயி எந்த ஊரிலும் இல்லை. கேமரா விளம்பரம் மட்டும் நாற்றை எண்ணிக் காட்டுகிறது, நாமும் தலையாட்டுகிறோம்.

இது என் சொந்த ஊகம் இல்லை என்பதற்குத் தயாரிப்பாளரே சாட்சி. கேனன் நிறுவனம் 2008இல் பவர்ஷாட் ஜி10 என்ற கேமராவை வெளியிட்டது: 14.7 மெகாபிக்சல். 2009 ஆகஸ்டில் அதன் வாரிசாக ஜி11ஐ அறிவித்தது. சென்சார் அளவு அதேதான், 28 முதல் 140 மில்லிமீட்டர் வரையிலான அதே ஜூம். மெகாபிக்சல் மட்டும் 10. அதே மாதம் கேனன் அறிவித்த இன்னொரு சிறிய கேமராவான எஸ்90க்கும் 10தான். ஒவ்வோர் ஆண்டும் எண்ணை ஏற்றியே விற்றுப் பழகிய தொழிலில், தன் முதன்மைச் சிறிய கேமராவின் எண்ணை மூன்றில் ஒரு பங்கு ஒரு நிறுவனம் தானாகக் குறைத்தது. இருட்டில் படம் நன்றாக வரவேண்டும் என்பதே காரணம். ஐஎஸ்ஓவின் உச்சம் 1600இலிருந்து 3200க்கு உயர்ந்தது. அந்த ஒரு முடிவிலேயே மெகாபிக்சல் வழக்கு முடிந்திருக்க வேண்டும்.

இழந்தது என்ன என்றும் பார்ப்போம். ஜி10 படத்தின் நீளவாக்கில் 4416 புள்ளிகள், ஜி11இல் 3648. வித்தியாசம் 21 சதவீதம். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு என்று பெட்டியில் மின்னிய கணக்கு, ஒரு பக்கமாக அளந்தால் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதிலும் ஒளி ஒரு தடை போடுகிறது. சிறிய துளை வழியே போகும் ஒளி விரியும். இது இயற்பியல், எந்த நிறுவனமும் இதை மீற முடியாது. லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினால் ஒரு புள்ளி ஒளி சென்சாரில் 10 மைக்ரானுக்கு மேல் அகன்ற வட்டமாக விழுகிறது. ஜி10இன் ஒரு பிக்சலோ 1.7 மைக்ரான். ஆறு பிக்சல் அகலத்துக்குப் படரும் ஒளிவட்டத்தை இன்னும் பொடிப்பொடியாகத் துண்டு போட்டு என்ன விவரம் கிடைக்கும்?

ஒரு நியாயமான மறுப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன். "14 மெகாபிக்சல் படத்தை 10க்குச் சுருக்கிப் பார்த்தால் நாய்ஸ் வித்தியாசம் பெரும்பாலும் போய்விடும்" என்பார்கள். பெருமளவு சரிதான். ஜி11இன் முன்னேற்றத்தில் புதிய சென்சாருக்கும் பங்குண்டு. ஆனால் சுருக்கினால்தான் தேறும் என்றால், சுருக்கி எறியும் புள்ளிகளுக்கு வாங்குபவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்? கோப்பு பெருக்கிறது, மெமரி கார்டு நிறைகிறது, படம் எழுதி முடிக்கும்வரை கேமரா காக்க வைக்கிறது.

ஜி10 மோசமான கேமரா என்றும் சொல்ல வரவில்லை. நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 80இல், அசையாமல் வைத்து எடுத்தால் அது அசத்தும். மைக்கேல் ரெய்க்மன் என்ற கனடா நாட்டுப் புகைப்படக் கலைஞர் 2008இல் அதை 39 மெகாபிக்சல் ஹாஸல்பிளாட் அமைப்போடு ஒப்பிட்டார். 13க்கு 19 அங்குல அச்சில் பழகிய கண்களே எது எது என்று பிரித்தறியத் திணறின. இதை மெகாபிக்சலின் வெற்றி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு நேர்மாறாகப் படுகிறது. 39ஐயும் 14.7ஐயும் அவ்வளவு பெரிய அச்சில்கூடப் பிரிக்க முடியவில்லை என்றால், 14க்கும் 10க்கும் எதற்குச் சண்டை? ஏ4 தாளில் மிகத் துல்லியமாக அச்சிடவே 8.7 மெகாபிக்சல் போதும். 4கே தொலைக்காட்சி முழுத்திரையிலும் காட்டுவது 8.3தான்.

சிறிய கேமராவின் பலம் வேறெங்கோ இருக்கிறது, எண்ணின் இரைச்சலில் அது காதில் விழுவதில்லை. ஜி11இன் திரையைத் திருப்பலாம். கூட்டத்தில் கையை உயர்த்தியும் எடுக்கலாம், தரையில் வைத்துக் கோலத்தையும் எடுக்கலாம். ஐஎஸ்ஓவுக்குத் தலையில் தனிச்சக்கரம். கேமரா துடைக்காத மூலப்பதிவான ரா கோப்பு உண்டு. ஒரு சென்டிமீட்டர் நெருங்கி எறும்பை எடுக்கலாம். பலவீனமும் உண்டு: கண் வைத்துப் பார்க்கும் துளை படத்தின் முக்கால் பங்கைத்தான் காட்டும். சட்டைப்பையில் அடங்காது. போட்டியாளர்கள் எச்டி வீடியோ தந்தபோது இது 640க்கு 480இல் நின்றது. இவற்றைப் பற்றிக் கடையில் ஒருவரும் கேட்டதில்லை.

லென்ஸைப் பற்றியும் கேட்பதில்லை. பானசோனிக் எல்எக்ஸ்3 கேமராவின் லென்ஸ் எஃப் 2.0 வரை திறக்கும். ஜி10இன் எஃப் 2.8ஐவிட இரு மடங்கு ஒளி. ஜூம் குறைவு, மூடியைக் கையால் கழற்ற வேண்டும். ஆனாலும் அன்று என் கையில் இருந்திருக்க வேண்டியது அப்படிப்பட்ட ஒன்றுதான். 2012இல் சோனி ஆர்எக்ஸ்100 வந்தபோது 20 மெகாபிக்சலைக் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியது அதன் சென்சார் பரப்பு: பழையவற்றைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு. நிலத்தை அகலப்படுத்தினால் நாற்றைக் கூட்டுவதில் தவறே இல்லை.

இன்று கைபேசிக் கடைகளின் பதாகைகளில் 108, 200 என்று எழுதியிருக்கிறது. அவற்றில் பல, ஒன்பது புள்ளிகளையோ பதினாறு புள்ளிகளையோ ஒன்றாகச் சேர்த்து, சாதாரணமாகத் தருவது 12 மெகாபிக்சல் படத்தைத்தான். ஐபோனின் முதன்மை கேமரா 2015 முதல் 2021 வரை 12ஐத் தாண்டவே இல்லை. அதில் எடுத்த படங்களைக் குறை சொன்னவர்கள் எத்தனை பேர்?

அடுத்த முறை கடைக்குப் போகும்போது எண்ணைக் கேட்காதீர்கள். சென்சார் எவ்வளவு பெரியது, லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்று கேளுங்கள். முடிந்தால் அந்தக் கேமராவாலேயே, கடையின் இருண்ட மூலையில் நிற்கும் ஒருவரின் முகத்தை எடுத்து, பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். புருவத்து முடி தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.